ஹேண்டில்பார் வாங்கும் முன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்

சைக்கிள் ஓட்டி இரண்டு மணி நேரம் தாண்டினால் மணிக்கட்டு வலிக்கும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். என் மவுண்டன் பைக்கில் இருந்தது வழக்கமான நேர் ஹேண்டில்பார். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி ஒரே இடத்தில் ஊன்றியிருக்கும், மாற்றிப் பிடிக்க வேறு இடம் கிடையாது. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பாருங்கள், உள்ளங்கை உடம்பைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கும். அந்த நிலைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற ஹேண்டில்பார் வேண்டும் என்று தேட ஆரம்பித்து, முதலில் ரோடு பைக்குகளில் இருக்கும், முனைகள் கீழே வளைந்த டிராப் பாரைத் தேர்ந்தெடுத்தேன். 1990-இல் அமெரிக்க வீரர் ஜான் டோமாக் மவுண்டன் பைக் பந்தயங்களிலேயே டிராப் பாருடன் ஓட்டியவர், அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அதில் ஒரு ஆசை.

பாரை மாட்டிவிட்டு பழைய பிரேக் லிவரை ஏற்றினால், நுழையவே இல்லை. மவுண்டன் பைக் லிவர், கியர் மாற்றும் ஷிஃப்டர், கைப்பிடி உறையான கிரிப் எல்லாமே 22.2 மி.மீ. விட்டத்துக்குச் செய்தவை. டிராப் பாரில் லிவர் உட்காரும் இடம் 23.8 மி.மீ. வித்தியாசம் 1.6 மி.மீ.தான், ஆனால் லிவரின் பிடிவளையமான கிளாம்பை விரித்தோ அரத்தால் தேய்த்தோ ஏற்றிவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், பிரேக் லிவர் உடைவது இறக்கத்தில்தான் நடக்கும். நடுவில், பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் விட்டம் வேறு கணக்கு: பழைய பார்களில் 25.4, இப்போது பெரும்பாலும் 31.8, சிலவற்றில் 35. 25.4 பாரை 31.8 ஸ்டெம்மில் இடைவளையம் போட்டுப் பிடிக்கலாம். பழைய ரோடு பார்களில் 26.0 என்று ஒன்று வரும், அதை 25.4 ஸ்டெம்மில் திணிக்கக் கூடாது.

சரி, ரோடு லிவரையே வாங்கிவிடலாம் என்று பிரேக்கும் கியரும் சேர்ந்த ஜோடி ஒன்றை வாங்கினேன். பிரேக் கேபிளின் முனையே வேறு என்பது அப்போதுதான் தெரிந்தது. மவுண்டன் பைக் கேபிளில் சின்ன உருளை, ரோடு கேபிளில் பேரிக்காய் மாதிரி. அதை மாற்றி மாட்டிய பிறகும் லிவரைப் பிடித்தால் பார் வரைக்கும் வந்து முட்டியது. என்னுடையது வி-பிரேக், இரண்டு நீளக் கைகள் ரிம்மை இருபுறமும் அழுத்தும் வகை, அதற்குக் கேபிள் அதிக நீளம் இழுபட வேண்டும், ரோடு லிவர் இழுப்பதோ கொஞ்சம். பிரேக் பிளாக்கை ரிம்மை உரசும் அளவுக்கு நெருக்கி வைத்தால் ஓரளவு பிடிக்கும், ஆனால் சக்கரம் லேசாகக் கோணினாலே உரசும், மழையில் பிளாக் தேய்ந்ததும் லிவர் மறுபடி பாரைத் தொடும். டிஸ்க் பிரேக்கிலும் கேபிளால் இயங்குவது என்றால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ரோடு லிவருக்கானதா, மவுண்டன் லிவருக்கானதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஏவிட் பிபி7 என்ற காலிப்பர் இரண்டு விதமாகவும் வந்தது. ஹைட்ராலிக் என்றால் லிவரும் காலிப்பரும் ஒரே வகை எண்ணெய்க்கானவையாக இருக்க வேண்டும். மினரல் ஆயிலுக்கான பிரேக்கில் டாட் (DOT) பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும்.

கியர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ஷிமானோ கியர்களில் 9 ஸ்பீடு (பின்னால் 9 பல்சக்கரம்) வரை ரோடு ஷிஃப்டர் மவுண்டன் பைக்கின், செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பின் டீரெய்லரோடு ஒத்துப்போகும், 10 ஸ்பீடு வந்ததும் கேபிள் இழுப்பின் கணக்கே மாறிவிட்டது. முன் டீரெய்லர் அப்போதும் ஒத்துவராது. கடைசியில் அந்த ஜோடியைக் கழற்றிவிட்டு, டிராப் பாருக்கென்றே நீள இழுப்போடு செய்த பிரேக் லிவரையும், பார் முனையில் செருகும் ஷிஃப்டரையும் போட்டேன், இடது பக்கம், அதாவது முன் டீரெய்லருக்கு, கிளிக் இல்லாத ஃப்ரிக்ஷன் வகை. பிரேக் அருமையாகப் பிடித்தது.

ஆனால் உட்கார்ந்து ஓட்டினால் கை எட்டவில்லை. மவுண்டன் பைக் ஃபிரேமின் மேல்குழாய் நேர் பாருக்குத் தகுந்தபடி நீளமாக இருக்கும், டிராப் பார் அதற்கு மேல் 70, 80 மி.மீ. கையை முன்னால் தள்ளிவிடும். ஸ்டெம்மைக் குறுக்கினேன், போதவில்லை. மணிக்கட்டு வலி போய் கழுத்து வலி வந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றினேன்.

இப்போது இருப்பது பின்னால் வளைந்த பார். ஜோன்ஸ் பார் பலருக்குத் தெரிந்திருக்கும், பிடி 45 டிகிரி பின்வாங்கியிருக்கும். என்னுடையதும் அதே பாணியில் உள்ள ஒன்று. பிடி 22.2 என்பதால் என் பழைய லிவர், ஷிஃப்டர், கிரிப் எல்லாம் அப்படியே ஏறின. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று மனசார நினைக்கிறேன், கையின் கோணம்தான் பிரச்சினை என்றால் டிராப் பார் வரைக்கும் போகவே தேவையில்லை. வாங்கும்போது பிடியின் நேரான பகுதி எவ்வளவு நீளம் என்று மட்டும் பாருங்கள். கிரிப்புக்கு 130 மி.மீ. போனால் லிவருக்கும் ஷிஃப்டருக்கும் இடம் மிஞ்ச வேண்டும், வளைவில் கிளாம்ப் சரியாக உட்காராது. கீல் வைத்துத் திறக்கும் கிளாம்ப் உள்ள லிவர் என்றால் வளைவைத் தாண்டிக் கொண்டுபோகும் பாடும் மிச்சம்.

கேபிள் உறைகளைப் புதிதாக வெட்டிப் போட்டேன், லிவர் பின்னால் வந்ததால் பழையவற்றின் வளைவு ஒத்துவரவில்லை. பிரேக்குக்கு கியர் உறையைப் போடாதீர்கள், அதில் கம்பிகள் நேராக ஓடுகின்றன, பிரேக் அழுத்தத்தில் பிளந்துவிடும். அப்புறம் பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், எந்தக் கேபிளும் விறைக்கக் கூடாது. ஸ்டெம் திருகுகளை அதில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

கை பின்னால் வந்துவிட்டதால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. ஸ்டெம்மை 20 மி.மீ. நீளமாக மாற்றியதும் அது நின்றுவிட்டது. பாரின் சாய்வை மட்டும் இன்னும் ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிடி பின்பக்கம் லேசாகக் கீழே இறங்கினாற்போல் இருக்கும்போதுதான் விரல் மரத்துப்போவதில்லை.