விரல்களே விசைகள்: விரல் பிரெயில் பற்றிக் கொஞ்சம்

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒருவருக்குப் பிரெயில் தெரியும் என்றால், அவரோடு பேச என் முதல் தேர்வு விரல் பிரெயில்தான். 1981-இல் ஜப்பானில் பிறந்த முறை இது. சிறுவயதிலேயே பார்வை இழந்த சதோஷி ஃபுகுஷிமாவுக்கு 18 வயதில் காதும் கேட்காமல் போனது. அம்மா ரெய்கோ அவர் விரல்களையே பிரெயில் தட்டச்சுப்பொறியாக்கித் தட்டினார். மகன் பின்னாளில் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர்.

பிரெயிலில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிகளுக்குள் அமையும். விரல் பிரெயிலில் கேட்பவரின் விரல்களே அந்தப் புள்ளிகள்: இடது ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் 1, 2, 3. வலது கையில் அதே வரிசையில் 4, 5, 6. பெர்கின்ஸ் என்ற பிரெயில் தட்டச்சுப்பொறியில் அடித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. கேட்பவரின் பக்கத்தில், அவர் முகம் பார்க்கும் திசையிலேயே உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் இடம் வலம் மாறிவிடும். அப்போது உங்கள் வலது ஆள்காட்டி விரல்தான் 1. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கூடாது.

தமிழில் ‘அம்மா’ ஐந்து தட்டு: 1, 4, 1-3-4, 1-3-4, 3-4-5. இரண்டாவதாக வரும் 4 மெய்ப்புள்ளி. பிரெயிலில் அது மெய்க்கு முன்னால் வரும். ஒற்றை விரல் தட்டு என்பதால் அவசரத்தில் லேசாகப் பட்டு நழுவும். ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். ‘க’வுக்கு 1-உம் 3-உம் ஒன்றாக விழவேண்டும். மோதிர விரல் எப்போதும் சோம்பேறி. அது பிந்தினால் அவருக்குக் கிடைப்பது ‘அ’வும் அர்த்தமில்லாத ஒரு தட்டும். வேகத்தைக் குறைத்தால் சரியாகும், பலமாகக் குத்தினால் ஆகாது. வாக்கியம் முடிகிற இடத்தில் கடைசி எழுத்தைச் சற்றே அழுத்திப் பிடியுங்கள்.

நாலு பேர் பேசும் இடத்தில்தான் உண்மையான சிரமம். பேசுபவர் பெயரை முதலில் தட்டுங்கள், பிறகு அவர் சொன்னதை அப்படியே. பெயர் நீளமென்றால் முதலெழுத்து போதும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். ‘ஏதோ சம்பளம் பத்திப் பேசுறாங்க’ என்று சுருக்கித் தந்தால், கேட்பவர் எந்த இடத்தில் குறுக்கிட முடியும்? யார் சிரித்தார், யார் எழுந்து போனார் என்பதும் சேரவேண்டும். பின்தங்கிவிட்டால் வாக்கியங்களைச் சத்தமில்லாமல் விழுங்காமல், பேசுபவரை நிறுத்தச் சொல்லுங்கள்.

சொல்லாமல் கையை எடுக்காதீர்கள். தண்ணீர் குடிக்கப் போவதானாலும் தட்டிச் சொல்லிவிட்டு எடுங்கள். நீண்ட கூட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும், 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். மாறும்போது, புதிதாக வருபவர் அவர் கையைத் தொட்டுத் தன் பெயரைத் தட்டிய பிறகே பேச்சைத் தொடரவேண்டும்.