573 டிகிரியில் விழுந்த விரிசல்

1944-இல் தொடங்கப்பட்ட சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பீங்கான், கண்ணாடி போன்றவற்றைப் பற்றிய செராமிக் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்தபோது, பானை வனையவா நான்கு ஆண்டுகள் என்று கேட்காத உறவினர் இல்லை. மண்ணைத் தொட்ட நேரத்தைவிட உலையின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்த நேரமே அதிகம் என்பது, சேரும்வரை எனக்கும் தெரியாது.

பீங்கான் கலவையில் களிமண் வடிவத்தைத் தருகிறது. ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் உருகித் துகள்களை இணைக்கிறது. மணலில் உள்ள படிகக் கனிமமான குவார்ட்ஸ் சுருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அந்தக் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென விரிவதும், குளிரும்போது அதே புள்ளியில் சுருங்குவதும், அவசரப்பட்டு உலைக்கதவைத் திறந்தவருக்கே உறைக்கும். நான் திறந்தேன். கண்ணுக்குத் தெரியாத விரிசலுடன் வெளிவந்த என் தட்டைச் சுண்டிப் பார்த்தபோது, மணியோசைக்குப் பதிலாக மந்தமான ஒலியே எழுந்தது.

கண்ணாடிக்கு ஒழுங்கான படிக அமைப்பே இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது. 1700 டிகிரிக்கு மேல் உருகும் மணலைச் சோடா (சோடியம் கார்பனேட்) சேர்த்துக் குறைந்த வெப்பத்திலேயே உருக்கலாம். சுண்ணாம்பும் சேர்க்காவிட்டால் அந்தக் கண்ணாடி நீரில் கரைந்துவிடும் என்பதே எனக்கு மிகவும் பிடித்த பாடம். வடித்த கண்ணாடியை மெல்ல ஆற்றாவிட்டால் இறுக்கம் உள்ளேயே தங்கி, சில வேளைகளில் மறுநாள் யாரும் தொடாமலேயே உடையும்.