என் மகளின் குடியுரிமைக் கோப்பு

எங்கள் மகள் 2009இல் பினாங்கில் பிறந்தாள். மலேசியக் குடிமகனான நானும் தமிழ்நாட்டிலிருந்து வந்த என் மனைவியும் கோவிலில் தாலி கட்டி வாழ்ந்தவர்கள்தாம். ஆனால் திருமணத்தைச் சட்டப்படி பதிந்ததோ அவள் பிறந்து மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதத்தின் விலை, அவளுடைய பிறப்புச் சான்றிதழில் ‘புக்கான் வார்கநெகாரா’ (குடிமகள் அல்ல) என்று மலாயில் அச்சாகியிருந்த இரண்டு சொற்களில் தெரிந்தது.

மலேசிய அரசமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, சட்டப்படி பதியாத திருமணத்தில் பிறந்த குழந்தை தந்தையின் குடியுரிமையைப் பெறாது, தாயினுடையதைத்தான் பார்ப்பார்கள். சரி, தாய்வழியே கேட்போமென்றால், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், தவறினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். விவரம் எங்களுக்கு எட்டியபோது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது.

2012இல், சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய இடமளிக்கும் மலேசிய அரசமைப்பின் 15A பிரிவின்கீழ் விண்ணப்பித்தோம். மூன்றாண்டு கழித்து வந்த கடிதத்தில் நிராகரிப்பு மட்டும் இருந்தது, காரணம் இல்லை. என்ன குறை என்று தெரியாமல் அதைத் திருத்துவது எப்படி?

வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7ஆம் விதி ஒவ்வொரு பிள்ளைக்கும் குடியுரிமை பெறும் உரிமையைத் தருகிறதே என்று, எங்கோ படித்ததை நம்பிக் கேட்டேன். “அண்ணே, 1995இல் சேரும்போதே அந்த விதிக்கு நம் நாடு விலக்கு வைத்துத்தான் சேர்ந்தது” என்றார் அவர். நாடற்றோர் குறித்த 1954, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் மலேசியா சேரவேயில்லை. இங்கே பிறந்து எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத பிள்ளைக்கு வழிவிடும், அதே இரண்டாம் அட்டவணையின் 1(e) பிரிவைப் பிடித்து வழக்காடலாம், ஆனால் ‘தாயின் நாடு இருக்கிறதே’ என்ற வாதத்தை முதலில் முறியடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்கான பணம் என்னிடம் இல்லை. மறுபடியும் விண்ணப்பித்தேன், இம்முறை பள்ளிக் கடிதம், தடுப்பூசி அட்டை, தாத்தாவின் அடையாள அட்டை நகல் என்று கோப்பு கட்டைவிரல் தடிமனாகிவிட்டது.

2020இல் அழைப்பு வந்தது. கையில் கிடைத்த குடியுரிமைச் சான்றிதழில் அவள் பிறந்த நாள் 2009. குடியுரிமை தொடங்கும் நாள் 2020. பதினொரு வயதுக்காரி இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, இதுக்கு முன்னாடி நான் எந்த நாடு?” என்று கேட்டாள்.