தொப்பிக்காரனும் கோயில்குட்டியாரும்

போன மாதம் சித்தப்பா தவறிப்போனார். ஊர் நாங்குநேரி பக்கம். காலை ஏழு மணிக்கே சபைக்குச் சொல்லியாச்சு, ஒன்பதாகியும் சாவு மணிச்சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால், சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டியார் மணிக்கயிறு பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், சித்தப்பாவோடு சின்ன வயதில் பனங்காடெல்லாம் சுற்றிய மனுஷன். "தம்பி, மூணு வருஷம் சங்கம் பாக்கி இருக்குல்லா. ரசீது போட்டுட்டு வந்திருங்க, அடிச்சிருதேன்." சங்கம் என்பது சபைக்குக் கட்டும் சந்தா, பாக்கி 1,800 ரூபாய். கார்பன் சரியாகப் பதியவில்லை என்று ரசீதை இரண்டாம் தடவை வேறு எழுதினார்கள். அப்புறம்தான் மணி அடித்தது.

வீட்டில் எல்லோரும் "பரிசேயப் பயலுவ" என்று திட்டித் தீர்த்தார்கள். இயேசு காலத்தில் வேதச்சட்டத்தை அச்சுப்பிசகாமல் பிடித்துக்கொண்ட யூதர்கள்தான் பரிசேயர். எனக்கென்னவோ அந்தப் பரிசேயன் பாவம் என்று தோன்றியது. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டான் என்பதுதான் இயேசு அவன்மேல் சொன்ன குற்றம், சரி. ஆனால் சீரகத்தை எண்ணும்போதும் கர்த்தர் பார்க்கிறார் என்ற நம்பிக்கையாவது அவனுக்கு இருந்தது. மோசே கொடுத்த நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டால் நீதிமான் ஆகிவிடலாம் என்று நினைத்தான், அதைத்தான் பவுல் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் போட்டு உடைக்கிறார்.

எங்கள் சபைக் கமிட்டி வேறு ரகம், சீனத்து ரகம். கி.மு. 3-ம் நூற்றாண்டில் ஹான் ஃபெய் என்று ஒருவர், சட்டம் ஒன்றாலேயே நாட்டை ஆளலாம் என்ற சீனத்துச் சட்டவாதிகளில் பெரிய தலை. மனுஷன் நல்லவனா கெட்டவனா என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. பரிசு, தண்டனை, இந்த இரண்டு பிடியும் ராஜா கையில் இருந்தால் போதும். அவர் சொல்லும் கதை ஒன்று: ராஜா குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டார், குளிருமே என்று தொப்பிக்குப் பொறுப்பான ஆள் ஒரு அங்கியை எடுத்துப் போர்த்திவிட்டான். விழித்ததும் ராஜாவுக்குச் சந்தோஷம்தான், போர்த்தியது யார் என்று விசாரித்தார், இரண்டு பேருக்கும் தண்டனை. அங்கிக்காரனுக்கு வேலையைச் செய்யாததற்கு, தொப்பிக்காரனுக்கு தன் வேலையைத் தாண்டியதற்கு. குளிரைவிட அதுதான் பெரிய ஆபத்தாம்.

அடக்கம் முடிந்து காப்பி குடிக்கும்போது கோயில்குட்டியார் மெதுவாகச் சொன்னார், "கேக்காம அடிச்சிருந்தா நாளைக்கு சாவிய வாங்கிருவாவ தம்பி."

சட்டம் என்றாலே கெட்டது என்றும் சொல்ல வரவில்லை. நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் வெள்ளைக்கார மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு 1857-ல் தனிச்சபை கண்டவர். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் என்று போனார். பவுல் பார்த்திருந்தால் அவருக்கும் ஒரு நிருபம் நிச்சயம் உண்டு. ஆனால் துரைமாரின் பிடியிலிருந்து வெளியே வர அவருக்கு அந்தப் பிரமாணம்தான் கதவு.

ஹான் ஃபெய்க்கு முன்னாலேயே சீனத்துச் சின் நாட்டுக்கு இதே மாதிரிச் சட்டங்களையெல்லாம் போட்டுக்கொடுத்த அமைச்சர் சாங் யாங் கடைசியில் உயிருக்குத் தப்பி ஓடி ஒரு சத்திரத்தில் இடம் கேட்டாராம். அடையாளச் சீட்டு இல்லாதவரைத் தங்கவிட்டால் சாங் பிரபுவின் சட்டப்படி எனக்கல்லவா தண்டனை என்று, வந்திருப்பது யாரென்றே தெரியாமல் சத்திரக்காரன் கதவைச் சாத்திவிட்டான். இது சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதிவைத்தது. கமிட்டிச் செயலாளர் வீட்டில் சங்கம் பாக்கி இருக்குமா என்று யோசித்தேன், கெட்ட புத்திதான்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்முன் சித்தி பேரில் இரண்டு வருடத்துக்கு முன்பணமாகச் சங்கம் கட்டி, ரசீதை பைபிளுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.