கடைக்குப் போய் வந்ததும்

2020 கொரோனா ஊரடங்கின் தொடக்கத்தில் கிருமிக்குப் பயந்து பலர் காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். தோலின் நுண்துளைகளில் சோப்பு இறங்கிவிடும். எவ்வளவு அலசினாலும் முழுசாகப் போகாது, வயிற்றைப் புரட்டும். குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே போதும்.

கதவுக் கைப்பிடிக்கு ப்ளீச் கரைசல்: ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 4 டீஸ்பூன், அதாவது 20 மில்லி. வெந்நீர் ஊற்றினால் வீரியம் போய்விடும். மறுநாளுக்கு வைக்காதீர்கள். துடைத்த இடம் ஒரு நிமிடமாவது ஈரமாக நிற்கட்டும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜாக்கிரதை!

உண்மையில் பொருளைவிட, மூடிய கடைக்குள் அடுத்தவர் மூச்சுக்காற்றுதான் பெரிய அபாயம். வாங்கும் பட்டியலைக் கடை அடுக்கு வாரியாக எழுதிக்கொண்டு போனால் உள்ளே நிற்கும் நேரம் குறையும். பையை இறக்கியதும் 20 விநாடி கைகழுவல். கட்டைவிரலையும் நக இடுக்கையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.