எச்சில் சாக்ஸ்

சனிக்கிழமை காலை அம்மாவிடம் கையும் எச்சிலுமாக மாட்டிக்கொண்டேன். இருபது நிமிடமாக உள்ளங்கையில் துப்பித் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தவனை வேறு எப்படிச் சொல்வது?

"என்னடா பண்ற?"

"சாக்ஸ் பின்றேன்மா."

அம்மா ஊரிலிருந்து இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்கு, என் வீட்டுக்கு, வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் இன்றைக்கும் முறைப்பவள். பதில் பேசாமல் சமையலறைக்குப் போய், நான் காலையில் தொட்ட பாத்திரங்களை எல்லாம் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள்.

நான் வைகிங் ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன். வைகிங் என்றால் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவர்களைப் போல உடுத்தி நடித்துக்காட்டும் குழு ஒன்று இங்கே உண்டு. கோடாரி கிடைக்கும் என்றுதான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். பயிற்சி முடியாமல் கோடாரியைத் தொடக் கூடாதாம், முதலில் உடுப்பு சரியாக இருக்க வேண்டுமாம். என் கம்பளி சாக்ஸைக் குனிந்து பார்த்த தாடிக்காரர், "மெஷின்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே இரட்டை ஊசிப் பின்னலே கிடையாது. இருந்தது நால்பைண்டிங் என்கிற ஒற்றை ஊசிப் பின்னல். சரி, கற்றுக்கொள்கிறேன் என்றேன். கோடாரி கேட்டவன் கையில் ஊசியைக் கொடுத்தார்கள்.

ஒரே ஊசி, காது வைத்தது, மான் கொம்பில் செதுக்கியது. (அம்மா கேட்டபோது "கொம்பு" என்று மட்டும் சொன்னேன். மரக்கொம்பு என்று எடுத்துக்கொண்டாள். பொய் இல்லை. வைகிங்குகள் தலைக்கவசத்தில் கொம்பு வைத்ததில்லை, சீப்பும் ஊசியும் செய்யத்தான் வைத்துக்கொண்டார்கள்.) கட்டைவிரலில் கண்ணியை மாட்டி, பழைய கண்ணிகளுக்குள் ஊசியை விட்டு, ஒவ்வொரு தடவையும் முழு நூலையும் உருவி இழுக்க வேண்டும். அதனால் உருண்டையோடு வைத்துப் பின்ன வழியில்லை. இரண்டு கை நீளத்துக்குப் பிய்த்து எடுத்துக்கொள்ள வேண்டும், தீர்ந்தால் அடுத்த துண்டை ஒட்ட வேண்டும். முடிச்சு போட்டால் காலில் உறுத்தும். இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு, கை சூடாகும்வரை தேய்த்தால் கம்பளி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

எனக்குச் சிக்கவில்லை. நான் வாங்கியது தள்ளுபடி நூல். மெஷினில் துவைத்தாலும் சுருங்காது என்று மேலே போட்டிருந்தது. சுருங்காத கம்பளி சிக்கவும் சிக்காது என்பது இருபது நிமிட எச்சிலுக்குப் பிறகுதான் உறைத்தது.

நான் சொந்தமாகக் கிறுக்குப் பிடித்து இதைச் செய்யவில்லை என்று நிரூபிக்க மத்தியானம் அம்மாவை யோர்விக் வைகிங் சென்டர் என்ற அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். 1976-லிருந்து 1981 வரை யார்க்கின் காப்பர்கேட் தெருவில் தோண்டி வைகிங் காலத்துப் பொருட்களை எடுத்தார்கள், அதே இடத்தில் 1984-ல் திறந்தது. பத்தாம் நூற்றாண்டுக் கம்பளி சாக்ஸ் ஒன்று அங்கே இருக்கிறது. இதே பின்னல். இங்கிலாந்து மண்ணில் இந்தப் பின்னலில் கிடைத்தது அது ஒன்றுதான்.

அம்மா கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தாள். "இன்னொண்ணு எங்கடா?"

"கிடைக்கலமா."

"அப்பவே தொலைச்சிருக்கானா."

கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த இன்னொரு கண்ணாடிப் பெட்டி கண்ணில் பட்டுவிட்டது. 1972-ல் ஒரு வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்தது, வைகிங் ஒருவன் போன மலம், இருபது சென்டிமீட்டர், கல்லாகவே ஆகிவிட்டது. விளக்கு வேறு போட்டு வைத்திருக்கிறார்கள். அது என்ன என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"இதுக்கு உன் எச்சில் எவ்வளவோ தேவலை."

வரும் வழியில் சுத்தக் கம்பளி நூல் வாங்கினோம். விலையை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி நான் துப்பத் தயாரானபோது அம்மா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "இது பேரு என்ன சொன்ன? நார் பைண்டிங்கா?" நால் என்றால் அவர்கள் பாஷையில் ஊசி என்றேன். காதில் விழவில்லை. நுனியைத் தண்ணீரில் தொட்டாள், தேய்த்தாள், ஒட்டிவிட்டது.

அப்புறம் ஊசியையும் வாங்கிக்கொண்டாள். மூன்று சனிக்கிழமை தாடிக்காரர் என் கட்டைவிரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது, என் கையைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் அம்மா விரலுக்கு வந்துவிட்டது. கிண்ணத்துத் தண்ணீரும் விரலில் சுற்றிய நூலும் அப்படியே எங்கள் திண்ணை. ஊறவைத்த வாழைநாரில் மல்லி கட்டும்போது பேச்சு ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் போகும். அன்றும் ஊர்க்கதை நிற்கவே இல்லை, கண்ணி விழுந்துகொண்டே இருந்தது.

என் சாக்ஸை மட்டும் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். "இதைப் போட்டா செருப்பு வார் எங்கடா போகும்?"

வைகிங் செருப்பு போடவில்லை என்று வாதாடினேன். அவள் கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு குப்பி பின்னி, மற்ற நான்கு விரலுக்கும் இன்னொன்று பின்னி, இரண்டையும் சேர்த்துவிட்டாள். எகிப்தில் ஆக்சிரிங்கஸ் இடுகாட்டில் கிடைத்த சிவப்பு சாக்ஸ் இதே பின்னலில், இதே மாதிரி விரல் பிரித்து இருக்கிறது. கி.பி. 250-லிருந்து 420-க்குள் செய்தது, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். போனில் படத்தைக் காட்டினேன். "அவங்களும் செருப்புதானே போட்டிருப்பாங்க" என்றாள், நான் எதையோ தாமதமாகப் புரிந்துகொண்ட மாதிரி.

இன்று காலை அந்த ஜோடியை மாட்டி, மேலே செருப்பும் போட்டுக்கொண்டு, பனியில் குருவிக்குச் சாதம் வைக்கப் போனாள். பிப்ரவரியில் வைகிங் விழா. என் முதல் சாக்ஸ் குதிகால் வரைதான் வந்திருக்கிறது, நூலைக் காணோம். கேட்டால், "உன் பொண்டாட்டிக்கு எடுத்து வச்சிருக்கேன், ராத்திரி எல்லாம் கால் ஜில்லுன்னு இருக்குங்கறா, நீ என்னைக்காவது கேட்டியா?" என்கிறாள்.

தாடிக்காரரிடம் ஒற்றைக் காலோடு நிற்கப்போகிறேன்.