குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை

பிரசவத்துக்குப் பிறகு வந்த மனச்சோர்வுக்கு அரசு மருத்துவமனையிலேயே வைத்தியம் பார்த்துத் தேறியவள் நான். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இதை யாரிடம் சொல்வது, எங்கே போய்க் காட்டுவது என்று தெரியாமல் எத்தனையோ பெண்கள் வீட்டுக்குள்ளேயே அழுதுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, மாமியார், வீட்டுக்காரருக்காகவும் எழுதுகிறேன்.

கர்ப்பக் காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் இருந்தது. நாள் தள்ளிப்போனதுமே கிராம சுகாதார நர்ஸம்மாவிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிட்டோம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்த எண் வேண்டும். 18,000 ரூபாய் திட்டம் அது. 14,000 பணமாக, மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். செவ்வாய்க்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இல்லை.

ரத்தம்தான் குறைவு. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும், எனக்கு 8.7. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டல், மலம் கருப்பாகப் போகும், அதனால் நிறையப் பேர் போடாமல் பீரோவில் அடுக்கிவைக்கிறார்கள். மலம் கருப்பாகப் போவது அந்த மாத்திரைக்குச் சகஜம், பயப்பட வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டதில் குமட்டல் அடங்கியது. டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். அப்படியும் ஏறாததால் அயர்ன் சுக்ரோஸ் டிரிப் ஏற்றினார்கள்.

சுகப்பிரசவம். ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம். 102 வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உள்ளதுதான்; இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. குழந்தை நன்றாகத் தூங்குவான், நான் மட்டும் கண்ணைத் திறந்தபடி அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பேன். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் அம்மா பார்த்துப் பார்த்துச் செய்வாள், ஒரு கவளம் இறங்காது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போகவே பயம், கை நழுவிவிடுமோ என்று. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பால் பத்துதா?"

டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதாம்மா" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் எனக்கு அவ்வளவு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்டது எங்கள் நர்ஸம்மாதான். குழந்தையை எடை பார்க்க வந்தவர், எடையைக் குறித்துவிட்டு நோட்டை மூடி வைத்தார். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் தூங்கறப்ப நீ தூங்குறியா பாப்பா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். பிறகு, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். தோன்றியது என்றேன். அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் மூச்சுவிட வழி கொடுத்தது.

அன்றைக்கே மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். ஓ.பி. சீட்டுப் போட்டு, குழந்தையோடுதான் காத்திருந்தோம். 10 கேள்விகள் உள்ள ஒரு தாளைத் தமிழிலேயே கேட்டு நிரப்பினார்கள். எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர், 1987இல் வந்தது. கடந்த 7 நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்று போகும். கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்கள். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே மாதிரிச் சோர்வைக் கொடுக்குமாம். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம் இன்னும் குறைவுதான்.

மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதினார்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை என்று டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேருமாம். உடனே கேட்காது, சில வாரம் பொறுக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மாத்திரையோடு அவர் எழுதிக்கொடுத்த இன்னொரு மருந்து தூக்கம். அதற்கு வீட்டில் ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அன்றிலிருந்து ராத்திரி 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நான் உள்ளறையில் படுத்துவிடுவேன். 2 மணி வரை குழந்தை அவர் பொறுப்பு. முன்னாடியே பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் எடுத்து, தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, ஓரமாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றக் கற்றுக்கொண்டார். முதலில் பாதி சட்டையில்தான் போகும். பிறகு என் அத்தையே, "மாப்புள கை மாதிரி எனக்கே வரல" என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார். விடிகாலை அம்மா எடுத்துக்கொள்வாள். "பாவம்மா அவ" என்று பத்துப் பேர் சொல்வதைவிட ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்வது பெரிது.

பத்தியத்தில் அம்மாவோடு ஒரு சண்டை இருந்தது: தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று ஒரு டம்ளருக்கு மேல் தரமாட்டாள். நர்ஸம்மா வந்து, பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தே ஆகணும் என்று எடுத்துச் சொன்னார். முருங்கைக்கீரை, பூண்டு, மீன் எல்லாம் தொடரச் சொன்னார். அம்மாவும் சீரகத் தண்ணீராகக் காய்ச்சிச் செம்பு நிறைய வைக்க ஆரம்பித்தாள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாய் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ அது அவசரம். தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பசி முதலில் திரும்பியது, பிறகு தூக்கம். சிரிப்பு வர இன்னும் கொஞ்ச நாள் ஆனது. மாத்திரையை டாக்டரம்மா மெதுவாகக் குறைத்து நிறுத்தினார். ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால், மறுபடி கர்ப்பமானால் பதியும்போதே சொல்லிவிடச் சொன்னார். கேட்டதும் நர்ஸம்மா என் தாய் சேய் அட்டையை வாங்கி, ரத்தசோகை என்று எழுதியிருந்த வரிக்குக் கீழேயே இதையும் எழுதி வைத்தார்.